ரவுண்ட்கியூப் 1.6: மடல் போய்விட்டது, பிரதி எங்கே?

புறக்கோட்டையில் இறக்குமதி வியாபாரம், கோட்டையில் சரக்கு விடுவிக்கும் முகவர் அலுவலகம், கொட்டாஞ்சேனையில் அச்சகம் என்று சொந்தப் பெயரில் டொட் எல்கே முகவரி வைத்திருக்கும் பலர், ஹோஸ்டிங் பொதியோடு சேர்ந்து வரும், பிரவுசரில் திறக்கும் வெப்மெயிலைத்தான் பாவிக்கிறார்கள். அது அநேகமாக ரவுண்ட்கியூப். ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனல் ஓடும் சேர்வர்களில் முன்பு ஸ்குவிரல்மெயில், ஹோர்ட் இரண்டும் கூடவே இருந்தன. அவை நீக்கப்பட்ட பிறகு இது ஒன்றுதான் மிச்சம். ஆகவே விரும்பித் தெரிவு செய்யாதவர்களும் இதைத்தான் பாவிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே பார்க்கப்போவது அதன் ஒரேயொரு வேலையை: எழுதும் மடலையும் அனுப்பிய மடலின் பிரதியையும் அது எவ்வளவு நம்பிக்கையாகச் சேமிக்கிறது, சேமிக்கத் தவறினால் காரணத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு வழி விடுகிறது. சென்ட் ஃபோல்டரில் கிடக்கும் பிரதி வெறும் ஞாபகக் குறிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் மின்னஞ்சலும் சான்றாக எடுக்கப்படக்கூடிய பதிவு. வங்கியோ வெளிநாட்டு விற்பனையாளரோ “இந்த இன்வொய்ஸை எப்போது அனுப்பினீர்கள்” என்று கேட்கும் நாளில் கையில் இருப்பது அந்தப் பிரதி மட்டும்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். 2005இல் தொடங்கிய இந்த மென்பொருள் இலவசம், திறந்த மூலம். 2019இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து எலாஸ்டிக் என்ற தோற்றம் இருப்பதால் கைத்தொலைபேசியிலும் ஒழுங்காக வேலை செய்கிறது. தமிழில் எழுதிய மடல் எழுத்து உடையாமல் போய்ச் சேர்கிறது. பழைய பதிப்பில் நிற்பவர்கள் மட்டும் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். உள்நுழைந்த ஒருவர் சேர்வரிலேயே தன் நிரலை ஓடவிடக்கூடிய பாரதூரமான ஓட்டை ஒன்று 2025 ஜூனில் வந்த 1.6.11, 1.5.10 பதிப்புகளில்தான் அடைக்கப்பட்டது. அதற்குக் கீழே எந்தப் பதிப்பில் இருந்தாலும், சேமிப்புப் பிழையைத் தேடுவதற்கு முன் பதிப்பை உயர்த்துங்கள்.

இனி மடல் போகும் பாதை. ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியதும் ரவுண்ட்கியூப் இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்கிறது. முதலாவது, மடலை அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி வழியாக, வழமையாக 587ஆம் போர்ட்டில், மடலை வெளியே கொடுப்பது. அது முடிந்த பிறகு இரண்டாவது: சேர்வரில் உள்ள பெட்டியைக் கையாளும் நெறிமுறையான ஐமேப் வழியாக, 143 அல்லது 993ஆம் போர்ட்டில், அதே மடலை சென்ட் ஃபோல்டருக்குள் அப்பெண்ட் என்ற கட்டளையால் போடுவது. தபாற்கந்தோரில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அலுவலகத்துக்கு வந்து நகலைக் கோப்பில் கோர்ப்பது மாதிரி. முதலாவது சரிவந்து இரண்டாவது பிழைத்தால், மடல் போய்விட்டது, பிரதி இல்லை. அந்த நேரத்தில் திரையில் வரும் வசனம், அனுப்பிய செய்தியைச் சேமிக்கையில் பிழை ஏற்பட்டது என்பதுதான். இதைப் பார்த்து அதே மடலை மறுபடி எழுதி அனுப்புபவர்கள் உண்டு. வேண்டாம். பெறுநருக்கு ஒரே இன்வொய்ஸ் இரண்டு, மூன்று தடவை போய்ச் சேரும்.

இந்த மென்பொருளின் மிகப் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. ஃபோல்டர் இல்லையென்றாலும், இடம் நிறைந்திருந்தாலும், பெயர் பிழையென்றாலும் பாவனையாளருக்குக் காட்டுவது அநேகமாக இந்த ஒரே வசனத்தைத்தான். சேர்வர் காரணத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கும். ரவுண்ட்கியூப் அதை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. “உங்கள் பெட்டி நிறைந்துவிட்டது” என்ற ஒரு வரியைத் திரையில் காட்டியிருந்தால் பாதி முறைப்பாடுகள் வந்திருக்காது.

எதையும் திருத்தப் போவதற்கு முன், பிரதி உண்மையிலேயே சேமிக்கப்படவில்லையா என்று பாருங்கள். பல தடவை அது சேமிக்கப்பட்டு, கண்ணில் படாத இடத்தில் இருக்கும். அவுட்லுக் ‘சென்ட் ஐட்டம்ஸ்’ என்று ஒரு ஃபோல்டரை வைத்துக்கொள்ளும். அப்பிள் மெயில் ‘சென்ட் மெசேஜஸ்’ என்று இன்னொன்றை. தண்டர்பேர்ட் ‘சென்ட்’ என்று. மூன்றும் ஒரே கணக்கில் இருந்தால் மூன்று ஃபோல்டர்கள். செட்டிங்ஸுக்குள் ஃபோல்டர்ஸ் பட்டியலைத் திறந்தால் டிக் போடப்படாமல் மறைந்திருப்பவையும் தெரியும். டிக் போட்டதும் இடப்பக்கப் பட்டியலில் வந்துவிடும். அடுத்து பிரிஃபரன்ஸஸில் ஸ்பெஷல் ஃபோல்டர்ஸ் பகுதி: சென்ட், டிராஃப்ட்ஸ், ஜங்க், ட்ராஷ் நான்கும் எந்தெந்த ஃபோல்டரைக் குறிக்கின்றன என்பதை அங்கே ஒழுங்காகத் தெரிவு செய்யுங்கள். மடல் எழுதும் திரையின் தெரிவுகளிலும் ‘அனுப்பிய செய்தியை இங்கே சேமி’ என்று ஒன்று உண்டு. அது சேமிக்க வேண்டாம் என்ற நிலையில் இருந்தால், மென்பொருளில் பிழையே இல்லை.

அங்கெல்லாம் இல்லையென்றால், கணினியில் நிறுவும் மெயில் மென்பொருளான தண்டர்பேர்டில் அதே கணக்கை ஐமேப்பாகப் போட்டு, ஏதாவது ஒரு மடலை சென்ட் ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டுப் பாருங்கள். தண்டர்பேர்டும் மறுத்தால் பிழை மெயில் சேர்வரில். அது ஏற்றுக்கொண்டு ரவுண்ட்கியூப் மட்டும் மறுத்தால் பிழை ரவுண்ட்கியூபின் அமைப்பில், அல்லது அதற்கு முன்னால் நிற்கும் வெப் சேர்வரில். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் மென்பொருளின் அமைப்புகள் எழுதப்பட்டிருக்கும் கொன்ஃபிக் ஃபைலைக் கிளறுவது வீண் அலைச்சல்.

சேர்வர் உங்கள் கையில் இருந்தால் அடுத்தது லொக், அதாவது மென்பொருள் எழுதிவைக்கும் பதிவேடு. திரையில் வாய்திறக்காத ரவுண்ட்கியூப், லொக்கில் ஒன்றையும் மறைக்காது; அந்த அளவுக்கு இதை மனதாரப் பாராட்டலாம். கொன்ஃபிக் ஃபைலில் ‘ஐமேப் டீபக்’ என்ற வரியை ட்ரூ ஆக்குங்கள். அதன் பிறகு ஒரேயொரு சோதனை மடலை அனுப்பிவிட்டு, லொக்ஸ் டைரக்டரிக்குள் ஐமேப் லொக்கைத் திறவுங்கள். சி என்று தொடங்கும் வரி ரவுண்ட்கியூப் சேர்வரிடம் சொன்னது, எஸ் என்று தொடங்குவது சேர்வர் சொன்ன பதில். அப்பெண்ட் என்ற சொல்லைத் தேடுங்கள். அதே வரியில் ஃபோல்டரின் பெயரும், நெளிவு அடைப்புக்குள் மடலின் அளவு பைட்டிலும் இருக்கும். மடல் போன பின் சேர்வர் ஓகே என்று முடித்தால் பிரதி சேமிக்கப்பட்டுவிட்டது. நோ என்று முடித்தால், அந்த வரியின் சதுர அடைப்புக்குள் இருக்கும் சொல்தான் உங்களுக்கு வேண்டிய காரணம்.

சேர்வரின் நேரம் உலகப் பொது நேரமான யூடிசியில் இருந்தால் நம்முடைய நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் கழித்துத் தேட வேண்டும்: காலை 10.15க்கு அனுப்பியது லொக்கில் 4.45 என்று இருக்கும். இந்த லொக்கில் மற்றவர்களின் மடல்களும் பதிவாகக்கூடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் அதைத் திறந்தபடி விட்டுவைப்பது சரியில்லை. பாவனையாளர் ஒருவருக்கு மட்டும் லொக் எழுதும் தெரிவும் உண்டு: ‘பெர் யூசர் லொகிங்’ என்ற வரியை ட்ரூ ஆக்கி, லொக்ஸுக்குள் அவருடைய பெயரில் ஒரு டைரக்டரி உருவாக்கினால் அவருடைய பதிவு மட்டும் அதற்குள் விழும். வேலை முடிந்ததும் டீபக்கை நிறுத்தி லொக்கை அழித்துவிடுங்கள்.

சதுர அடைப்புக்குள் ‘ட்ரைகிரியேட்’ என்று இருந்தால் அந்தப் பெயரில் ஃபோல்டரே இல்லை என்று அர்த்தம். செட்டிங்ஸில் ஃபோல்டரை உருவாக்கி ஸ்பெஷல் ஃபோல்டர்ஸில் தெரிவு செய்தால் ஒருவருக்குச் சரிவரும். எல்லாருக்கும் சரிவர வேண்டுமென்றால் ஐமேப் சேர்வர் மென்பொருளான டவ்கொட்டின் மெயில்பொக்ஸஸ் அமைப்பில் சென்ட், டிராஃப்ட்ஸ் முதலியவற்றுக்கு ‘ஓட்டோ’ என்பதை ‘சப்ஸ்கிரைப்’ என்று போடுங்கள். புதுக் கணக்கு திறந்த உடனேயே ஃபோல்டர்கள் தாமாக உருவாகி, பட்டியலிலும் தெரியும். அதே இடத்தில், எந்த ஃபோல்டர் எதற்கு என்று சொல்லும் ஸ்பெஷல் யூஸ் அடையாளத்தையும் கொடுத்துவிட்டால், அதை மதிக்கும் மென்பொருட்கள் எல்லாம் ஒரே சென்ட் ஃபோல்டரைப் பாவிக்கும். மேலே சொன்ன மூன்று ஃபோல்டர் குழப்பம் பெருமளவு தீரும். ரவுண்ட்கியூபில் ‘கிரியேட் டிஃபோல்ட் ஃபோல்டர்ஸ்’ என்று ஒரு வரி இருக்கிறது, இயல்பில் அணைந்திருக்கும். அதைப் போட்டும் சமாளிக்கலாம். ஆனால் சேர்வர் பக்கத்தில் திருத்துவதுதான் நிலையானது.

இன்னொரு பதில் சற்று நீளமானது: இல்லாத நேம்ஸ்பேஸை (ஃபோல்டர் பெயர்களின் தொகுதி) அணுக முயன்றதாகவும், பெயருக்கு முன்னால் ‘இன்பொக்ஸ்’ என்றும் ஒரு புள்ளியும் வரவேண்டும் போலிருக்கிறது என்றும் டவ்கொட் சொல்லும். கூரியர் ஐமேப் சேர்வர்களிலும் சிபேனலிலும் எல்லா ஃபோல்டர்களும் இன்பொக்ஸுக்குக் கீழேதான் இருக்கும். வேறு சேர்வரிலிருந்து கணக்கை மாற்றிக் கொண்டுவந்த பிறகுதான் பொதுவாக இது தலைகாட்டும். ஏனென்றால் பாவனையாளரின் பழைய தெரிவு, முன்னொட்டு இல்லாத வெறும் ‘சென்ட்’, டேட்டாபேஸில் அப்படியே தங்கியிருக்கிறது. கொன்ஃபிக் ஃபைலில் எதைத் திருத்தினாலும் பாவனையாளரின் சொந்தத் தெரிவு அதை மேவிவிடும். திருத்தியும் மாறவில்லை என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். ஸ்பெஷல் ஃபோல்டர்ஸில் போய் மீண்டும் தெரிவு செய்து சேமித்தால் முடிந்தது.

மூன்றாவது பதில் ‘ஓவர்கோட்டா’: பெட்டிக்கு ஒதுக்கிய இடம், அதாவது கோட்டா, நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பெட்டி நிறைந்தாலும் எஸ்எம்டிபி தடைபடாது; அது பெட்டியைத் தொடுவதே இல்லை. ஆகவே மடல்கள் வெளியே போய்க்கொண்டிருக்கும், பிரதி மட்டும் விழாது, புதிதாக வரும் மடல்களும் திரும்பிப் போகும். “காலையிலிருந்து ஒரு மடலும் வரவில்லை, அனுப்பியதும் சேமிக்கவில்லை” என்று யாராவது சொன்னால் லொக்கைப் பார்க்காமலே கோட்டாவைப் பாருங்கள். டிராஃப்ட் சேமிப்பு இதைவிட முந்திப் பிழைக்கும். ரவுண்ட்கியூப் ஒவ்வொரு தடவையும் புதிய டிராஃப்டை முதலில் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் பழையதை அழிக்கிறது. பாதுகாப்பான முறைதான். ஆனால் 8 எம்பி இணைப்புள்ள டிராஃப்ட் என்றால், ஏற்கெனவே இருக்கும் பிரதிக்கு மேலாக இன்னொன்றுக்கும் அந்த நேரத்தில் இடம் வேண்டும். இணைப்பை எழுத்துகளாக மாற்றி மடலுக்குள் வைக்கும் பேஸ்64 குறியீட்டில் 8 எம்பி ஃபைல் ஏறக்குறைய 11 எம்பியாகப் பெருகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

நிறைந்த பெட்டியில் அழிப்பதும் சிக்கலாகலாம். அழி என்றால் ட்ராஷுக்கு நகர்த்துவது. மூவ் கட்டளை இல்லாத சேர்வரில் அது ஒரு நகலெடுப்பு, அதற்கும் இடம் வேண்டும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு டிலீட் அழுத்தினால் ட்ராஷைத் தாண்டி நேரே அழியும். முதலில் ட்ராஷையும் ஜங்கையும் காலி செய்யுங்கள். பிறகு சென்ட் ஃபோல்டரை அளவு வாரியாக அடுக்கி, மேலே இருக்கும் பத்து மடல்களைக் கணினியில் இறக்கி வைத்துவிட்டு அழியுங்கள். பழைய ஸ்கேன் பிடிஎஃப்கள்தான் அநேகமாக அங்கே கிடக்கும்.

இடம் நிறையவே இருந்தும் ‘ஓவர்கோட்டா’ வருகிறதா? இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, சிபேனல் கணக்கின் மொத்த வட்டு. ஹோம் டைரக்டரியில் யாரோ எடுத்து மறந்த முழு பேக்கப் ஒன்று கிடந்தால், தனிப் பெட்டியில் இடம் இருந்தும் எழுத முடியாது. மற்றது, மடல் ஒவ்வொன்றையும் தனி ஃபைலாக வைக்கும் மெயில்டிர் முறையில் டவ்கொட் வைத்திருக்கும் ‘மெயில்டிர்சைஸ்’ என்ற சிறு ஃபைல். அதில் உள்ள கூட்டுத்தொகை சில நேரம் உண்மையான அளவை விட்டு விலகிவிடும். அந்த ஃபைலை அழித்தால் சேர்வர் மீண்டும் எண்ணி எழுதிக்கொள்ளும். சேர்வரின் முழு நிர்வாக அனுமதியான ரூட் அனுமதி இருந்தால் டவ்அட்மின் கட்டளையின் கோட்டா ரீகால்க் அதையே ஒழுங்காகச் செய்யும்.

இனி, லொக்கில் அப்பெண்ட் வரியே இல்லை என்றால்? அப்போது மடல் ஐமேப் வரைக்கும் போகவேயில்லை, இடையில் எங்கோ நின்றிருக்கிறது. பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ‘சேமி’ அழுத்துங்கள். 413 என்று வந்தால் வெப் சேர்வர் அளவு பெரிது என்று மறுக்கிறது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வர் இயல்பாக அனுமதிப்பது 1 எம்பி மட்டுமே. “நான் ஒரு ஃபைலும் இணைக்கவில்லையே” என்பார்கள். ஆனால் ஸ்கிரீன்ஷொட்டை மடலுக்குள்ளேயே ஒட்டியிருப்பார்கள். ஒட்டிய படம் பேஸ்64 ஆக மடலின் உடலோடேயே போகிறது. 750 கிலோபைட் படமே எல்லையைத் தொட்டுவிடும். படத்தை ஃபைலாக இணைக்கச் சொல்வது தற்காலிக வழி. என்ஜின்எக்ஸில் ‘கிளையன்ட் மெக்ஸ் பொடி சைஸ்’ அளவை உயர்த்துவது திருத்தம். ரவுண்ட்கியூப் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழியிலும் எல்லைகள் உண்டு: தானாக வருவது ஏற்றும் ஃபைலுக்கு 2 எம்பி, முழுக் கோரிக்கைக்கு 8 எம்பி. இரண்டையும் சேர்த்து உயர்த்த வேண்டும், முழுக் கோரிக்கையின் (போஸ்ட்) எல்லை எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும். பிஎச்பி எஃப்பிஎம் ஓடும் சேர்வரில் எச்டிஅக்சஸ் ஃபைலில் எழுதும் பிஎச்பி வரிகள் வேலை செய்யாது. யூசர் ஐஎன்ஐ ஃபைலில் எழுதுங்கள்.

403 வந்தால் அநேகமாக மொட்செக்யூரிட்டி, அதாவது சந்தேகமான கோரிக்கைகளை வெப் சேர்வரில் தடுக்கும் காவல். இதன் அடையாளம் தெளிவானது: குறிப்பிட்ட ஒரு மடல் மட்டும் எத்தனை தடவை முயன்றாலும் சேமிக்காது, மற்றதெல்லாம் சேமிக்கும். டேட்டாபேஸ் கட்டளை போல, நிரல் துண்டு போல ஏதாவது வாசகம் மடலில் இருக்கும். ஹோஸ்டிங் நிறுவனத்திடம் அந்த விதியின் இலக்கத்தைக் கேட்டு, வெப்மெயிலுக்கு மட்டும் விலக்குக் கேளுங்கள். முழுவதையும் அணைக்கச் சொல்லாதீர்கள்.

செஷன் (ஒருமுறை உள்நுழைந்தது செல்லுபடியாகும் காலம்) முடிந்துவிட்டது என்று வெளியே தள்ளினால் அது வேறு கதை. ரவுண்ட்கியூபின் செஷன் ஆயுள் இயல்பில் 10 நிமிடம். தானாக டிராஃப்ட் சேமிப்பது 5 நிமிடத்துக்கு ஒருமுறை. பிரவுசர் 60 வினாடிக்கு ஒருமுறை சேர்வரைத் தட்டிக்கொண்டிருப்பதால் சாதாரணமாகச் செஷன் சாகாது. மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்து, மடிக்கணினி மட்டும் பெட்டரியில் ஓடினால் அந்தத் தட்டல் நின்றுவிடும். பத்து நிமிடத்துக்குப் பிறகு மின்சாரம் வந்து ‘சேமி’ அழுத்தினால் கதவு மூடியிருக்கும். செஷன் ஆயுளை 60 நிமிடமாக்குங்கள். கம்போசிங் பகுதியில் தானியங்கிச் சேமிப்பை 1 நிமிடமாக்குங்கள். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சிறு யூபிஎஸ் போடுவதும் இந்தப் பிழைக்கான மருந்தில் சேர்த்திதான். ஃபைபர் போனதும் தொலைபேசி ஹொட்ஸ்பொட்டுக்கு மாறுபவர்களுக்கு இன்னொன்று: ‘ஐபி செக்’ என்ற வரியை யாராவது ட்ரூ ஆக்கியிருந்தால், ஐபி முகவரி மாறியதும் செஷன் முறியும். இயல்பில் அது அணைந்தே இருக்கும், அப்படியே விடுங்கள்.

இந்த இடத்தில் ரவுண்ட்கியூபுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். எழுதிக்கொண்டிருந்த வாசகத்தை அது பிரவுசரின் உள்ளேயும் ஒரு பக்கம் வைத்துக்கொள்கிறது. மீண்டும் உள்நுழைந்து புதிய மடல் திறந்தால், அனுப்பாத மடல் ஒன்று இருக்கிறது, மீட்கவா என்று கேட்கும். அவசரத்தில் ‘அழி’ என்று அழுத்திவிடாதீர்கள். இணைத்த ஃபைல்கள் அதில் திரும்பி வராது, பிரைவேட் விண்டோவை மூடியிருந்தால் வாசகமும் வராது.

பிரதி இரண்டிரண்டாக விழுந்தால் எதிர்மாறான நிலைமை. ஜிமெயில், மைக்ரோசொஃப்ட் 365 போன்றவை தங்கள் எஸ்எம்டிபி வழியாகப் போனதைத் தாமே சென்ட் ஃபோல்டரில் வைத்துவிடும். ரவுண்ட்கியூபை அவற்றோடு பொருத்தியிருந்தால் இங்கே ‘சேமிக்க வேண்டாம்’ என்று வையுங்கள்.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சொல். ஐமேப் தமிழ்ப் பெயரை அப்படியே வைத்திருப்பதில்லை, மாற்றியமைத்த யூடிஎஃப்-7 குறியீட்டில் எழுதுகிறது. சேர்வர் வட்டில் பார்த்தால் ஒவ்வொரு தமிழ்ப் பெயரும் அம்பர்சண்ட் குறி, சி, ஓர் இலக்கம் என்று தொடங்கும் விளங்காத எழுத்துக் கோர்வையாக இருக்கும். ‘அனுப்பியவை’ என்பது சி4 என்று தொடங்கும். வேலையில் இடையூறு இல்லை. வாடிக்கையாளர் பெயர், கப்பல் பெயர் என்று தாராளமாகத் தமிழில் வையுங்கள். சென்ட், டிராஃப்ட்ஸ் ஆகியவற்றின் உண்மையான பெயரை மட்டும் ஆங்கிலத்திலேயே விடுங்கள், லொக்கைப் படிப்பவருக்குப் பிழையைக் கண்டுபிடிப்பது இலகுவாகும்.

இன்னொரு வெப்மெயிலான ஸ்னாப்பிமெயில் ரவுண்ட்கியூபைவிட இலேசானது, டேட்டாபேஸ் இல்லாமலே ஓடும். சொந்த சேர்வர் வைத்திருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். பகிர்ந்த ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு ரவுண்ட்கியூப் போதும். அவர்களால் கொன்ஃபிக் ஃபைலைத் தொட முடியாது, ஆகவே முறைப்பாட்டை எழுதும் விதம்தான் அவர்களுடைய கருவி. “மெயில் சேவ் ஆகவில்லை” என்று மட்டும் எழுதினால் “பிரவுசரை மாற்றிப் பாருங்கள்” என்று பதில் வரும். எழுத வேண்டியவை: முழு முகவரி, அனுப்பிய திகதி, இலங்கை நேரம் நிமிடத்தோடு, இணைப்பின் அளவு, திரையில் வந்த வசனம், எஃப்12இல் கண்ட இலக்கம், தண்டர்பேர்ட் சோதனையின் முடிவு. கடைசியில் ஒரே கேள்வி: அந்த நிமிடத்தில் இந்தக் கணக்கின் அப்பெண்டுக்கு டவ்கொட் கொடுத்த பதில் என்ன?